சிங்கப்பூரா, துபாயா, மேல்படிப்பா, ஒரகடமா? ஒரு ஐந்து வருடக் கணக்கு

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன வாரம் எழுதியிருந்தார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர், வயது 22. "அண்ணா, சிங்கப்பூர் பெர்மிட் ஒன்று வருகிறது, ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், கைக்கு 17,000 வரும். மாமா ஒருவர் துபாய்க்கு விசிட்டில் வந்துவிடு, வேலை தேடிக்கலாம் என்கிறார். அப்பா நிலத்தை வைத்துப் பணம் புரட்டலாம் என்கிறார். எதை எடுப்பது?"

இதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரோடு வருடம் முழுக்க வருகிறது. பட்டுக்கோட்டை, பரமக்குடி, பெரம்பலூர், சின்னசேலம் என்று ஊர்தான் மாறும். இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் என்றால் கனடாவா ஜெர்மனியா என்று கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். நான் ஏழு வருடம் சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு 2019-ல் ஊர் வந்தவன், இப்போது துவாக்குடியில் இரண்டு பேரோடு சேர்ந்து ஃபேப்ரிகேஷன் ஷெட் நடத்துகிறேன். போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போ என்று சொல்லவும் மனசு வராது.

போவது ஏன் என்பதைக் கொஞ்சம் பேசிவிடலாம்

2015-ல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு. சம்பளம்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பையனுக்கு வருடம் மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொகை பத்து வருடத்துக்கும் மேலாக அசையவில்லை, அதே காலத்தில் ரூம் வாடகை எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். தொழிற்சாலைப் பக்கம் போனால் வேலை இருக்கிறது, நிரந்தரம்தான் இல்லை. நிலம் அண்ணன் தம்பிக்குப் பிரிந்து பிரிந்து ஒரு மா, அரை மா என்று ஆகிவிட்டது. தங்கை கல்யாணம், வீட்டுக்கடன் இதெல்லாம் தனி.

மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பீகார், ஒடிசா பையன்கள் செய்கிற அதே மூட்டை தூக்கும் வேலையை, அதே கம்பி கட்டும் வேலையை, நம் பையன் கடன் வாங்கி நான்கு மணி நேரம் விமானத்தில் போய்ச் செய்கிறான். காசு மட்டுமே காரணம் இல்லை. உள்ளூரில் கொத்து வேலைக்குப் போனால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள், அங்கே பார்க்க ஆள் இல்லை. இங்கே எந்தத் தெரு என்று கேட்பார்கள், அங்கே எந்த டிரேட் என்று கேட்பார்கள். இதைக் கணக்கில் சேர்க்காமல் "ஊரிலேயே வேலை இருக்கிறதே, ஏன் போகிறீர்கள்" என்று மேடையில் பேசுவது சுலபம்.

முதலில் அளவுகோல்

எந்த வழியை எடுத்தாலும் இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி இதில் கிடையாது, வேண்டுமென்றுதான் விட்டேன்.

1. உள்ளே நுழைய எவ்வளவு செலவு, அந்தப் பணம் எந்த வட்டிக்கு வந்தது?
2. மாதக் கடைசியில் சாப்பாடு, வாடகை, போன் எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு?
3. ஐந்து வருடம் கழித்து உங்கள் கைக்குப் புதிதாக என்ன வேலை தெரிந்திருக்கும்?
4. நீங்கள் அங்கே தொடர்ந்து இருப்பது யார் கையெழுத்தில் இருக்கிறது? முதலாளியா, அந்த நாட்டு அரசா, வங்கியா, நீங்களா?
5. நாளைக்கே திரும்ப வேண்டி வந்தால், ஊரில் எந்த வாசல் திறந்திருக்கும்?

ஐந்தாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவன்தான்.

வழி 1: சிங்கப்பூர், வொர்க் பெர்மிட்

எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். சிங்கப்பூரில் மூன்று படி இருக்கிறது: வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ். எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 5,600. இந்த இரண்டும் கிடைத்தால் அது வேறு உலகம். கட்டுமானம், கப்பல் பட்டறை, துப்புரவு என்று போகும் நம் பையன்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது வொர்க் பெர்மிட்தான். அதில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் இரண்டு வருடம், அப்புறம் புதுப்பிப்பது முதலாளி கையில்.

சரி, கணக்கைப் போடுவோம். ஓடி (ஓவர்டைம்) எல்லாம் சேர்த்து மாதம் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு பிரியாணி, ஒரு டீ என்று 300 போய்விடும். மிச்சம் 600. வெள்ளி 65 ரூபாய் என்று வைத்தால் 39,000. ஊரில் இந்தத் தொகையை மாதாமாதம் மிச்சம் பிடிக்கிற 22 வயசுப் பையனைக் காட்டுங்கள் பார்ப்போம்! அதனால்தான் போகிறோம்.

இப்போது கடன். மூன்றரை லட்சம், மூணு வட்டி. மாத வட்டி மட்டும் 10,500. வீட்டுக்கு மாதம் 15,000 அனுப்பி, மீதி 24,000-ஐ கடனுக்குக் கட்டினால் அடைய 20 மாதம் ஆகும். பெர்மிட்டே 24 மாதம்! நடுவில் எட்டாவது மாதம் கம்பெனி ஆளைக் குறைத்து அனுப்பினால், இறங்கும்போது தலையில் இன்னும் 2,30,000 ரூபாய் கடன் நிற்கும். அதே பணத்தை வங்கியில் நகையை வைத்து எடுத்திருந்தால் 16 மாதத்தில் முடிந்திருக்கும். வட்டி எங்கே வாங்கினோம் என்பதற்கு மட்டும் நான்கு மாத உழைப்பு.

சிங்கப்பூர்ச் சட்டப்படி அந்த ஊர் ஏஜென்ட் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். ஆனால் நாம் பணம் கொடுப்பது இங்கே, திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ ஒரு மாடி அறையில், ரசீது இல்லாமல். அந்தச் சட்டம் இங்கே எட்டாது. இந்திய அரசு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கேட்கும் நாடுகளின் பட்டியலிலும் சிங்கப்பூர் இல்லை, அதனால் வளைகுடா போகிறவருக்கு இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் இதில் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் பெரியது உடம்பு. காலை நாலரைக்கு எழுந்து, சோறும் குழம்பும் கட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு லாரியின் பின்னால் ஏறுவோம். அந்தச் சோற்றை மதியம் பன்னிரண்டுக்குப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும் பாருங்கள், அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. முதல் வருடம் அல்சர் வந்தது. அதற்குச் செய்த வைத்தியச் செலவு எந்த ஏஜென்ட் கணக்கிலும் இருக்காது.

நல்லது என்ன? வேலை கற்றுக்கொள்ளலாம். நான் போனது உதவியாளாக, வந்தது சிக்ஸ் ஜி (குழாய் வெல்டிங்கில் கடினமான நிலை) வெல்டராக. பாதுகாப்பு கோர்ஸ், லிஃப்டிங் கோர்ஸ், எல்லாவற்றுக்கும் அட்டை கொடுக்கிறார்கள். கம்பெனி தொழில் கற்றுத் தருவதாக இருந்தால் சம்பளம் நூறு வெள்ளி குறைந்தாலும் போகலாம். சப்ளை கம்பெனி, தினம் ஒரு இடத்துக்கு அனுப்புவான் என்றால் ஐந்து வருடம் கழித்தும் நீங்கள் உதவியாளாகவே இருப்பீர்கள்.

யாருக்குச் சரி: டெஸ்ட் அடித்து ஸ்கில் சர்டிபிகேட்டோடு போகிறவருக்கு, கந்துவட்டி இல்லாமல் பணம் புரட்டக்கூடியவருக்கு, முதல் ஒரு வருடம் வீட்டார் பணம் எதிர்பார்க்காத நிலையில் இருப்பவருக்கு. நிலத்தை எழுதிக்கொடுத்துப் போகும் நிலை என்றால் எனக்குச் சரியென்று படவில்லை.

வழி 2: துபாய், சவுதி, கத்தார், குவைத்

வளைகுடாவில் ஒரு வசதி, நுழைவுச் செலவு குறைவாக இருக்கலாம். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்டால் அது லஞ்சம் மாதிரிதான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். பத்தாவது தேறாதவர் என்றால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவை என்ற குறிப்பு) இருக்கும், சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் வழியாக கிளியரன்ஸ் வாங்கித்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று 10 லட்ச ரூபாய் காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கான பிரீமியம் முந்நூறு ரூபாய்க்குள்தான். அலுப்பான வேலை என்று நினைத்து விசிட் விசாவில் தாண்டிப்போகிறவர் இந்தக் காப்பீட்டையும் சேர்த்துத்தான் தாண்டுகிறார்.

தம்பியின் மாமா சொன்ன விசிட் விசா விஷயத்துக்கு வருகிறேன். விசிட்டில் போய் வேலை கிடைத்தவர்கள் உண்டு, எனக்கே இரண்டு பேரைத் தெரியும். ஆங்கிலம் சரளம், அக்கவுண்ட்ஸ் படிப்பு, தங்க அண்ணன் வீடு, மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம், இந்த நான்கும் அவர்களிடம் இருந்தது. எதுவுமே இல்லாத ஒருவர் விசிட்டில் போனால் நாள் முடிய முடிய எந்த வேலைக்கும் தலையாட்டுவார். இன்னொன்று, தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் டெலிகாலர், மாதம் 80,000, டிக்கெட் இலவசம் என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். 2022-ல் அப்படிப் போன நம் பையன்களை எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். போனவர்களில் டிகிரி முடித்தவர்கள், ஐடி படித்தவர்கள் இருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி: அடிப்படைச் சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 2,000 திர்ஹம், அதில் அடிப்படை 1,000, மீதி அலவன்ஸ் என்று எழுதியிருந்தால் ஐந்து வருடம் கழித்து வருவது 3,500 திர்ஹம்தான். முழுவதும் அடிப்படையாக இருந்தால் 7,000. கையெழுத்துப் போடும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

கத்தார் 2021-ல் குறைந்தபட்சக் கூலியை மாதம் 1,000 ரியால் என்று வைத்தது, கம்பெனி தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அதற்குத் தனியாக 500, 300. வேலை மாற முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கும் விதியையும் எடுத்தார்கள். சவுதியில் குடும்பத்தோடு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், 2017-லிருந்து வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை ஒன்று இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 ரியாலில் ஆரம்பித்து 400 வரை போனது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டால் மாதம் 1,200 ரியால். பல குடும்பங்கள் அந்தச் சமயத்தில்தான் ஊர் திரும்பின.

தங்குமிடத்தையும் கேளுங்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தில் மங்காஃபில் தொழிலாளர் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அதில் ஏழு பேர் நம் மாநிலத்தவர். ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று ஏஜென்டிடம் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

யாருக்குச் சரி: ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், கனரக ஓட்டுநர், நர்ஸ் என்று கையில் ஏற்கனவே தொழில் இருப்பவருக்கு. போய்ப் பழகிக்கொள்ளலாம் என்கிறவருக்கு வளைகுடாவைவிட ஊரில் இரண்டு வருடம் தொழில் பழகுவது மேல். நர்ஸ் தங்கைகள் தனியார் ஏஜென்டிடம் போகும் முன் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஒரு தடவை கேட்டுவிடுங்கள், 1978-லிருந்து ஆள் எடுத்து அனுப்பும் அரசு நிறுவனம் அது.

வழி 3: கடன் வாங்கி மேல்படிப்பு

இங்கே பாவம் செய்வது பெற்றோரின் ஆசையும் கன்சல்டன்சிக்காரரின் கமிஷனும் சேர்ந்து. கன்சல்டன்சி இலவசமாக வழிகாட்டுகிறது என்றால், பணம் கல்லூரியிடமிருந்து வருகிறது என்று அர்த்தம். எந்தக் கல்லூரி அதிகம் கொடுக்கிறதோ அதுதான் அவருடைய வாயில் முதலில் வரும்.

40 லட்ச ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 55,000. படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருடம் வரையிலும் கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி அன்றிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் தவணை ஆரம்பிக்கும்போது கடன் 40-ல் நிற்காது, 50-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நாட்டிலேயே வேலை கிடைத்தால் இது சமாளிக்கக்கூடிய தொகை. திரும்பி வந்து இங்கே 40,000 சம்பளத்தில் உட்கார்ந்தால் அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து தவணை போகும். என் அக்கா வீட்டில் இப்போது அதுதான் நடக்கிறது.

இதில் பெரிய மறைமுகச் செலவு, ஆட்டம் நடக்கும்போதே விதியை மாற்றுவார்கள். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை 10,000 டாலரிலிருந்து 20,635-க்கு ஏற்றியது, 2025 செப்டம்பரில் அது 22,895 ஆனது. பிரிட்டன் 2024-லிருந்து சாதாரண எம்எஸ்சி மாணவர் குடும்பத்தைக் கூட்டிவருவதை நிறுத்தியது. படிப்புக்குப் பிறகு இரண்டு வருடம் தங்கும் அனுமதி, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசா ஏற்கனவே லாட்டரி, 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வேறு வந்தது. போனவர்களில் பலர் புத்திசாலிகள்தான், அவர்கள் விமானம் ஏறியபோது விதி வேறாக இருந்தது.

ஜெர்மனியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது (பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ). ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) போட வேண்டும், யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது கட்டணம் இல்லை, மாதம் 992 யூரோவாக நீங்களே எடுத்துச் செலவு செய்வது. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், படித்து முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் கொடுக்கிறார்கள். அப்புறம் என்ன சிக்கல்? மொழி. ஆங்கிலத்தில் எம்எஸ் படித்துவிடலாம், வேலைக்கான நேர்முகத்தில் ஜெர்மன் கேட்பார்கள். ஜெர்மன் மொழியை பி1, பி2 நிலை வரை ஊரிலேயே படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும், போய்ப் படிக்கலாம் என்று போகிறவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இலவசமாகப் படிக்கலாம் என்று சொல்லி ஜெர்மனியில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

யாருக்குச் சரி: இரண்டு வருட வேலை அனுபவத்தோடு அதே துறையில் மேலே படிக்கிறவருக்கு, உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு. இங்கே வேலை கிடைக்கவில்லை, அதனால் எம்எஸ் என்கிறவருக்கு, வேலை கிடைக்காத அதே நிலைமை 40 லட்சம் கடனோடு இரண்டு வருடம் தள்ளிப்போகிறது.

வழி 4: ஊர்ப்பக்கம் சம்பள வேலை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்றால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். 17,000 கைக்கு வந்தால் ரூம் பங்கு 2,500, கேன்டீன் போகச் சாப்பாடு 3,500, மற்றது 2,000, மிச்சம் 9,000. ஐந்து வருடத்தில் சம்பளம் கொஞ்சம் ஏறினாலும் ஆறு, ஏழு லட்சம், கூடப் பிஎஃப். மேலே சிங்கப்பூர் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தால், கடனும் அடைந்து வீட்டுக்கு அனுப்பியதையும் சேர்த்து 18 லட்சத்துக்கு மேல். பணத்தில் சிங்கப்பூர் ஜெயிக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ற வார்த்தைக்குத்தான் விலை.

ஊர் வேலையின் மறைமுகச் செலவு, ட்ரெய்னி என்ற பெயரில் இரண்டு மூன்று வருடம் ஓட்டி, நிரந்தரம் பண்ண வேண்டிய நேரத்தில் வெளியே விடுவது. அடுத்த கம்பெனியில் மறுபடி ட்ரெய்னி. 22-ல் சேர்ந்தவர் 30-ல் நான்கு அடையாள அட்டையும் ஒரே சம்பளமுமாக நிற்பார். அதனால் சேரும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: போன மூன்று வருடத்தில் எத்தனை பேரை நிரந்தரம் பண்ணினீர்கள், எந்த மெஷினில் விடுவீர்கள். அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டை முடுக்குவதும் சிஎன்சியில் புரோகிராம் போடக் கற்பதும் ஒரே சம்பளம்தான், ஐந்து வருடம் கழித்து ஒன்று அல்ல.

வாய்ப்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லிருந்து அலுவலகம் நடத்துகிறது. விழுப்புரம், சேலம், தஞ்சாவூர் என்று நியோ டைடல் ஐடி பூங்காக்கள் வந்திருக்கின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நிறையப் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள். இருந்தும் பையன்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்றால், கட்டடம் வருகிற வேகத்தில் நிரந்தர வேலை வருவதில்லை. தொழிற்பேட்டைக்கு மானியம் கொடுக்கும் அரசு, எத்தனை பேரை மூன்றாவது வருடம் நிரந்தரமாக்கினாய் என்று கேட்டு அதற்கு ஏற்ப மானியம் கொடுத்தால் பாதி பாஸ்போர்ட் விண்ணப்பம் குறையும் என்பது என் எண்ணம்.

யாருக்குச் சரி: கையில் தொழில் இல்லாத 22 வயதுக்காரருக்கு, வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவருக்கு. வெளிநாடு போகும் முன் அனுபவச் சான்றிதழ் சம்பாதிக்கும் இடமாகவும் இதைப் பார்க்கலாம், அதில் தவறில்லை.

வழி 5: சொந்தத் தொழில்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 22 வயதில் அனுபவம் இல்லாமல் இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் திட்டங்கள் இருக்கின்றன. யுஒய்இஜிபி (வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டம்) என்றால் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் அதே 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் சலுகை. மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) தனி. பட்டியல் வகுப்பு, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் 35 சதவீதம்.

மானியம் கைக்கு வராது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஎம்இஜிபி போன்ற திட்டத்தில் அது மூன்று வருடம் வங்கியில் பூட்டிக் கிடக்கும், அதுவரை தவணை ஒழுங்காகப் போக வேண்டும். எங்கள் ஷெட்டில் முதல் வருடம் இயந்திரத்தால் கஷ்டம் வரவில்லை, பில்லால் வந்தது. பெரிய கம்பெனி ஒன்று 45 நாளில் தர வேண்டிய பணத்தை 110 நாள் இழுத்தது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது, 2024-லிருந்து வருமான வரியிலும் அதற்குக் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று எல்லாரும் பேசாமல் இருப்போம். அந்த 110 நாளும் மூன்று பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தது ஜூரோங்கில் சேர்த்த பணத்தில்.

சொல்லப்போனால் வெளிநாட்டுக் காசு உண்மையில் பயன்பட்ட இடம் எனக்கு அதுதான். கூட வந்த ஆறு பேரில் நான்கு பேர் முதலில் வீடு கட்டினார்கள். கிரானைட் போட்ட மாடி வீடு, முன்னால் இரும்பு கேட். வீடு முடிந்தபோது கையில் காசு முடிந்தது, அதனால் திரும்பவும் போனார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், வீட்டில் அம்மா மட்டும் கீழ் அறையில் படுத்திருக்கிறார்.

ஒரே பார்வையில்

| | நுழைவுச் செலவு | கையில் நிற்பது | தொழில் ஏறுமா | யார் கையில் | திரும்பும் வாசல் |
|---|---|---|---|---|---|
| சிங்கப்பூர் பெர்மிட் | மிக அதிகம், கடன் | நல்ல தொகை, கடன் முடிந்த பிறகு | கம்பெனியைப் பொறுத்தது | முதலாளி | தொழில் பழகியிருந்தால் உண்டு |
| வளைகுடா | முறையாகப் போனால் குறைவு | நடுத்தரம் | பெரும்பாலும் இருப்பதுதான் | முதலாளி | நடுத்தரம் |
| மேல்படிப்பு | எல்லாவற்றிலும் அதிகம் | வேலை கிடைத்தால் அதிகம், இல்லாவிட்டால் கழித்தல் குறி | ஏறும் | அந்த நாட்டு அரசும் வங்கியும் | கடன் கதவை அடைக்கும் |
| ஊரில் சம்பளம் | ஒன்றுமில்லை | குறைவு | கேட்டு வாங்கினால் ஏறும் | ஒப்பந்தக்காரர் | திறந்தே இருக்கும் |
| சொந்தத் தொழில் | நடுத்தரம், மானியம் உண்டு | முதல் இரண்டு வருடம் கழித்தல் | வேகமாக ஏறும் | வாடிக்கையாளரும் வங்கியும் | தேவையில்லை |

அந்தத் தம்பிக்குச் சொன்னது

துபாய் விசிட்டை உடனே அடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது சிங்கப்பூரும் ஒரகடமும். "நிலத்தை வைக்காமல் நகைக்கடனில் பாதிப் பணம் புரட்ட முடியுமா, கம்பெனி சப்ளை கம்பெனியா இல்லை சொந்த யார்டா, இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வா, அதுவரை ஒரகடத்தில் போய்ச் சேர்ந்துவிடு, கைக்கு வந்த வேலையை விடாதே" என்றேன். அப்புறம் ஐபிஏ (பெர்மிட்டுக்கு முன் வரும் முதல்கட்ட அனுமதிக் கடிதம்) வந்ததும் தமிழில் இருக்கும் பிரதியைக் கேட்டு வாங்கு, தொழிலாளி கிளம்பும் முன்பே அவருடைய மொழியில் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த ஊர் விதி, ஏஜென்ட் தர மாட்டேன் என்றால் அங்கேயே சந்தேகப்படு என்றும் சொல்லியிருந்தேன்.

நேற்று இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஐபிஏவைப் படம் எடுத்து அனுப்பினார். ஏஜென்ட் வாயால் சொன்னது மாதம் 1,000 வெள்ளி. காகிதத்தில் அடிப்படைச் சம்பளம் என்ற இடத்தில் 520 என்று இருந்தது, அதற்குக் கீழே தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம். மிச்சம் ஓடி கிடைத்தால்தான். 520-ஐ வைத்து மேலே உள்ள வட்டிக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.